மார்பகப் புற்றுநோயும் மாதர்தம் தயக்கமும்

நோயை அறிதல் வேறு; அறிந்தபின் வைத்தியரை நாடுதல் வேறு. இவ்விரண்டுக்கும் இடையே கழியும் காலம் சிலருக்குச் சில நாள். சிலருக்குச் சில மாதம். வேறு சிலருக்கோ ஆண்டுக்கணக்கு. மார்பகப் புற்றுநோயைப் பொறுத்தவரை, நோயுற்றாள் ஒருத்தி பிழைத்தலும் மாய்தலும் இவ்விடைக்காலத்தின் அளவைப் பெரிதும் சார்ந்துள்ளன. ஆகவே அந்நோயின் இயல்பு யாது, அதனை அறிந்த பின்னரும் நம் பெண்கள் வைத்தியரிடம் செல்லத் தயங்குவது எதனால், அத்தயக்கத்தை நீக்கும் வழி எது என்னும் மூன்றினையும் ஈண்டு ஒருசிறிது ஆராய்வாம்.

கல்லூரி மலரொன்றில் இப்பொருளுக்கு இடம் எதற்கு எனச் சிலர் வினவலாம். இம்மலரைக் கையிலெடுப்போர் ஒவ்வொருவரும் ஒரு தாயின் பிள்ளை. பலர் சகோதரிகளோடு பிறந்தோர். சிலர் மனைவி மக்களையுடையோர். வீட்டுப் பெண்ணொருத்தி தனக்கு வந்த நோயை மறைப்பது பெரும்பாலும் இவர்களிடமிருந்தே. மறைக்கப்படுவோர் விளங்கிக்கொண்டால் மறைப்பதற்குக் காரணம் குறையும். அன்றியும், நூற்றுக்கு ஒன்று அல்லது அதனினும் குறைந்த அளவில் இந்நோய் ஆடவருக்கும் வருவதுண்டு.

அருகிலுள்ள வைத்தியசாலை

யாழ்ப்பாணத்திலிருந்து வடக்கு நோக்கிச் செல்லும் காங்கேசன்துறை வீதி, மல்லாகம், தெல்லிப்பழை ஆகிய ஊர்களினூடாகச் சென்று கடற்கரையை அடைகின்றது. தெல்லிப்பழையில் ஆதார வைத்தியசாலையும் அதனோடிணைந்த புற்றுநோய் வைத்தியசாலையும் உள்ளன. 2011ஆம் ஆண்டு இலங்கையின் தென்கோடியாகிய தேவேந்திரமுனையிலிருந்து வடகோடியாகிய பருத்தித்துறை வரை, ஏறத்தாழ 670 கிலோமீற்றர் தூரம், பல இனத்தவரும் 27 நாள் கால்நடையாக நடந்து திரட்டிய பொருளைக்கொண்டு இப்புற்றுநோய் வைத்தியசாலை எழுந்தது. 2013இல் அது திறந்துவைக்கப்பட்டது. அதற்குமுன் வடமாகாணத்து நோயாளர் பலர் கொழும்பை அடுத்த மகரகமை வரை செல்லவேண்டியவராயினர். போர்க்காலத்தில் அப்பயணம் எத்துணை அரியதென்பதை நம்மவர்க்கு எடுத்துரைக்க வேண்டியதில்லை.

1990இல் வலிகாமம் வடக்கு மக்கள் வீடு வாசல்களை விட்டு வெளியேறினர். காங்கேசன்துறையும் அதன் அயற் கிராமங்களும் ஆண்டுகள் பல ஆளற்றுக் கிடந்தன. திரும்பி வந்தோர்க்கு முதலில் கூரையும் கிணறும் வேண்டியிருந்தன. அத்தகைய வாழ்வில் தன் உடம்பைக் கவனித்தல் ஒரு பெண்ணுக்குக் கடைசி அலுவலாவது இயல்பே. இப்பொழுது புகைவண்டி மீண்டும் காங்கேசன்துறை வரை ஓடுகின்றது. வைத்தியசாலையும் சில மைல் தொலைவிலேயே உள்ளது. அரசாங்க வைத்தியசாலையில் சிகிச்சைக்குக் கட்டணமும் இல்லை. எனினும், நோய் முற்றிய பின்னரே வருவோர் இன்றும் உளர். ஆதலின், தூரமும் பணமும் மாத்திரமே தடையென்று கொள்ளுதல் பொருந்தாது. வேறு தடைகளும் உள.

நோயின் இயல்பு

நம் உடம்பு கோடிக்கணக்கான கலங்களால் ஆயது. அவை ஓர் ஒழுங்குக்கு அமையப் பிரிந்து பெருகி, தம் காலம் முடிய அழிகின்றன. ஏதோவொரு கலம் இவ்வொழுங்கினின்றும் பிறழ்ந்து, நில் என்னும் கட்டளைக்கு அடங்காது பெருகத் தொடங்குமாயின் அதுவே புற்றுநோயின் தோற்றமாகும். நிலத்தினடியில் ஓசையின்றிப் பரவி ஒருநாள் மேலெழுந்து தோன்றும் கறையான் புற்றினை நினைவூட்டும் பெயர் இந்நோய்க்குத் தமிழில் வாய்த்துள்ளது. பண்டைக் கிரேக்கரோ நண்டின் பெயரால் இதனை அழைத்தனர்.

மார்பகத்தில் பால் சுரக்கும் சிறு பைகளும் அப்பாலைக் கொண்டுசெல்லும் நாளங்களும் உள்ளன. பெரும்பாலும் அந்நாளங்களின் உட்படையிலேயே இந்நோய் பிறக்கின்றது. அங்கிருந்து சுற்றிலுமுள்ள இழையத்துட் புகுந்து, பின் அக்குளிலுள்ள நிணநீர்க் கணுக்களை அடைந்து, இறுதியில் எலும்பு, ஈரல், நுரையீரல், மூளை முதலிய உறுப்புகட்கும் செல்லக்கூடும். மார்பகத்தளவில் நிற்கும்போது பெரும்பாலும் குணப்படுத்தக்கூடிய இந்நோய், தொலைவிலுள்ள உறுப்புகளை அடைந்தபின் முற்றாக நீக்குதற்கு அரியதாகின்றது. காலத்தின் பெருமை இங்கேதான் உள்ளது. இந்நோய் தொற்றுவதன்று; ஒருவர் உண்ட கலத்தாலோ உடுத்த உடையாலோ பரவுவதன்று; அடிபட்டதால் வருவதுமன்று; முற்பிறப்புத் தீவினையின் தண்டமென்று நோயாளியைப் பழித்தலும் அறமாகாது.

இதன் அறிகுறிகளை ஒவ்வொரு பெண்ணும் அறிந்திருத்தல் வேண்டும். மார்பகத்திலோ அக்குளிலோ புதிதாகத் தோன்றும் கட்டி, ஒரு பக்கத்தின் உருவமோ பருமனோ மாறுதல், தோலில் குழி விழுதல், தோல் தோடம்பழத் தோல்போலத் தடித்துப் புள்ளிபுள்ளியாதல், முன்பு வெளியே இருந்த காம்பு உள்ளிழுக்கப்படுதல், காம்பிலிருந்து இரத்தம் கலந்த நீர் கசிதல், காம்பைச் சுற்றி ஆறாத புண் அல்லது சொறி தோன்றுதல் என்பன அவையாம். இவற்றுள் முதன்மையானதாகிய கட்டி தொடக்கத்தில் பெரும்பாலும் நோவதில்லை. நோவே நோய்க்கு அடையாளம் என எண்ணிப் பழகிய நமக்கு இது பெரிய பொறியாகும். நோகவில்லையே, பின்னர்ப் பார்க்கலாம் என்னும் எண்ணம் பிறப்பது இதனாலேயே.

மறுபுறம், மார்பகத்திற் காணும் கட்டிகளுட் பெரும்பாலானவை புற்றுநோய் அல்ல என்பதையும் வற்புறுத்தல் வேண்டும். இளம் பெண்களிடத்துத் தோன்றும் நார்க்கட்டிகளும், நீர் நிறைந்த சிறு பைகளும் தீங்கற்றவை. ஆனால் எது தீங்கற்றது, எது தீயது எனத் தீர்மானித்தல் வைத்தியருக்குரிய பணி. பக்கத்து வீட்டாருக்கோ நோயாளிக்கோ உரியதன்று.

யாருக்கு வருகின்றது

உலக சுகாதார நிறுவனத்தின் கணக்கின்படி 2022ஆம் ஆண்டில் உலகெங்கும் ஏறத்தாழ 23 இலட்சம் பெண்கள் இந்நோயினர் எனக் கண்டறியப்பட்டனர்; 670,000 பேர் மாண்டனர். இலங்கையிலும் பெண்களுக்கு வரும் புற்றுநோய்களுள் முதலிடம் பெறுவது இதுவே. அவற்றுள் ஏறக்குறைய நான்கில் ஒரு பங்கு இதற்குரியது.

வயது ஏற ஏற இந்நோய்க்கு ஆளாகும் வாய்ப்பும் ஏறுகின்றது. இளவயதிற் பூப்படைதல், மாதவிடாய் நெடுங்காலம் நீடித்தல், பிள்ளைப்பேறின்மை அல்லது முதற்பேறு பிந்துதல், தாய்ப்பால் ஊட்டாமை, மாதவிடாய் நின்றபின் உடல் பருத்தல், உடலுழைப்பின்மை, மதுபானம் ஆகியவும் அவ்வாய்ப்பைக் கூட்டுவன. தாய்ப்பால் ஊட்டும் ஒவ்வொரு பன்னிரண்டு மாதத்துக்கும் இந்நோய் வரும் வாய்ப்பு நூற்றுக்கு நான்குக்குச் சற்று மேலான அளவில் குறைகின்றது என்பதைப் பல நாடுகளின் ஆய்வுகளை ஒன்றுதிரட்டி 2002இல் நிறுவினர். நூற்றுக்கு ஐந்து முதல் பத்து வரையான நோயாளரிடத்து நோய்க்குப் பரம்பரையலகின் மாற்றமே அடிப்படையாகும். தாய்க்கோ உடன்பிறந்தாளுக்கோ இந்நோய் வந்திருப்பின் அதனை வைத்தியரிடம் மறவாது கூறவேண்டும்.

இவ்வேதுக்களிற் பல நகரவாழ்வோடு தொடர்புடையன என்பது கூர்ந்து நோக்குவார்க்குப் புலனாகும். கல்வி, உத்தியோகம், பிந்திய திருமணம், ஒன்றிரண்டு பிள்ளைகள், நாற்காலியில் அமர்ந்து செய்யும் வேலை என்பன நகரப் பெண்ணின் வாழ்க்கை முறை. இவற்றுட் பல வரவேற்கத்தக்க முன்னேற்றங்களேயாம். ஆயினும் அவற்றோடு ஒட்டிவரும் பொறுப்பையும் உணர்தல் நன்று. சென்னை மாநகரில் 1980களின் தொடக்கத்திலிருந்து புற்றுநோய்ப் பதிவேடு பேணப்பட்டு வருகின்றது. அக்காலத்தில் அங்குப் பெண்களிடையே முதலிடத்தில் நின்றது கருப்பைக் கழுத்துப் புற்றுநோய்; இந்நூற்றாண்டில் அவ்விடத்தை மார்பகப் புற்றுநோய் பற்றிக்கொண்டது. எனினும், மேற்கூறிய ஏதுக்களுள் ஒன்றுமே இல்லாதவர்க்கும் இந்நோய் வருவதுண்டு. நோயாளருள் ஏறத்தாழப் பாதிப்பேர், பெண்ணாய்ப் பிறந்தமையும் வயது முதிர்ந்தமையும் அன்றி வேறு ஏது காணப்படாதவரே. ஆதலின், எனக்கு வராது என எவரும் உறுதி கூறுதற்கில்லை.

தயக்கத்தின் காரணங்கள்

படிப்பில்லாதவரே வைத்தியரை நாடத் தயங்குவர் என்பது பிழையான எண்ணம். நோயின் பெயரையும் அறிகுறிகளையும் நன்கறிந்த நகரத்துப் பெண்களும், உத்தியோகம் பார்ப்போரும் கூடத் தாமதிக்கின்றனர். அறிவு செயலாவதற்கு இடையே நிற்கும் தடைகளை வரிசைப்படுத்தி நோக்குவாம்.

முதலாவது நாணம். மேலாடை நீக்கி அயலார் ஒருவர்முன் நிற்பதற்கு நம் பெண்கள் கூசுகின்றனர். அவ்வைத்தியர் ஆணாயின் கூச்சம் இரட்டிக்கின்றது. உறுப்பின் பெயரைச் சொல்லுதற்கும் நா எழுவதில்லை. இது நம் மரபென்று கருதுவோர் சிறிது சிந்தித்தல் வேண்டும். நம் பழைய இலக்கியமும் பக்திப் பாடல்களும் இவ்வுறுப்பைப் பெயர் சொல்லிக் கூறக் கூசவில்லை. திருவண்ணாமலையில் எழுந்தருளியிருக்கும் அம்மையின் திருநாமமே உண்ணாமுலை என்பது. சீகாழியில் உமையம்மை குழந்தைக்கு ஞானப்பால் ஊட்டிய வரலாறு சைவப் பிள்ளைகள் யாவரும் அறிந்தது. 1847இல் யாழ்ப்பாணம் வந்து, மானிப்பாயில் தமிழ்மொழி வாயிலாக மருத்துவம் கற்பித்த கிறீன் வைத்தியர் உடற்கூற்று நூலையும் இரணவைத்திய நூலையும் தமிழில் வெளிவரச் செய்தார். சொல் நம் மொழியில் என்றும் இருந்தது. சொல்லும் துணிவே பிற்காலத்திற் குறைந்தது. கோயிலிற் கூசாத நா வைத்தியர்முன் கூசவேண்டியதில்லை.

இரண்டாவது கடமை. மகனுக்குப் பரீட்சை முடியட்டும், மகளுக்குக் கலியாணம் முடியட்டும், கோயிற் கொடியேற்றம் வருகின்றது, விரதம் முடியட்டும் என நாள் தள்ளப்படுகின்றது. வீட்டில் யாருக்குக் காய்ச்சல் வந்தாலும் உடனே வைத்தியரிடம் அழைத்துச்செல்லும் தாய், தன் முறை வரும்போது வரிசையின் கடைசியில் நிற்கின்றாள். இது தியாகமெனப் போற்றப்படுகின்றது. ஆனால் எந்தப் பிள்ளைகளுக்காக அவள் நாளைத் தள்ளினாளோ அப்பிள்ளைகளே பின்னர்த் தாயற்றவராகின்றனர். குடும்பத்தின்பால் உள்ள அன்பே இத்தாமதத்துக்கு ஏதுவாவது எத்துணை இரங்கத்தக்கது!

மூன்றாவது ஊர்ப்பேச்சு. தாய்க்குப் புற்றுநோய் என்பது வெளிப்படின் மகளின் சம்பந்தம் தடைப்படும் என்னும் அச்சம் நம்மிடையே மெய்யாகவே உண்டு. நூற்றுக்குத் தொண்ணூறு பேருக்கு இந்நோய் பரம்பரையால் வருவதன்று என முன்னர்க் கண்டோம். சம்பந்தம் பேசுவோர் இதனை உணர்வாராயின் பல தாய்மார் உயிர் பிழைப்பர்.

நான்காவது சிகிச்சை பற்றிய அச்சம். கத்தி பட்டால் நோய் பரவும், ஊசியாற் குத்திப் பார்த்தால் விஷம் ஏறும் என்பன ஆதாரமற்ற நம்பிக்கைகள். இவற்றை நம்பி ஒட்டும் பற்றும் போட்டு மாதங்களைப் போக்குவோர் உளர். சிகிச்சையின் வரலாறு இவ்வச்சத்துக்கு ஒருவகையிற் காரணமாயிற்று எனலாம். பத்தொன்பதாம் நூற்றாண்டின் இறுதியில் அமெரிக்க வைத்தியர் ஹால்ஸ்ரெட் என்பார், மார்பகத்தோடு அதன் கீழுள்ள தசைகளையும் அக்குட் கணுக்களையும் ஒருங்கே அகற்றும் பெருஞ் சத்திரசிகிச்சையைப் பரப்பினார். முக்கால் நூற்றாண்டுவரை உலகெங்கும் அதுவே வழக்காயிற்று. பின்னர் பேர்னாட் ஃபிஷர் என்னும் வைத்தியரும் அவர் குழுவினரும் 1976இல் தொடங்கிய ஆய்வினால், கட்டியை மாத்திரம் அகற்றிக் கதிர்ச்சிகிச்சையும் அளித்தால், தொடக்க நிலையில் உள்ளவர்க்கு மார்பகம் முழுவதையும் அகற்றியதற்கு ஒப்பான ஆயுள் கிடைக்கின்றது எனக் காட்டினர். இன்று ஓமோன்களைத் தடுக்கும் மாத்திரைகளும், குறித்த வகைக் கலங்களையே தாக்கும் மருந்துகளும் உள்ளன. நம் பெண்கள் அஞ்சுவது பாட்டிமார் காலத்துச் சிகிச்சையையே. முந்தி வருபவளுக்குச் சிகிச்சையும் சிறிது. பிந்தி வருபவளுக்கே அது பெரிது.

தாமதத்தின் விலை

தாமதத்தால் விளையும் கேடு ஊகமன்று. பல நாடுகளில் நிகழ்ந்த 87 ஆய்வுகளைத் தொகுத்து 1999இல் வெளியிட்ட கட்டுரையொன்று, அறிகுறி கண்டு மூன்று மாதமோ அதற்கு மேலோ தாமதித்தவருள் ஐந்தாண்டு உயிர் வாழ்ந்தோர், விரைந்து வந்தவரினும் நூற்றுக்குப் பன்னிரண்டு பேர் குறைவு எனக் கூறிற்று. செல்வ நாடுகளில் இந்நோயுற்றோருள் நூற்றுக்குத் தொண்ணூறுக்கு மேற்பட்டோர் ஐந்தாண்டு கடந்து வாழ்கின்றனர், இந்தியாவில் அத்தொகை 66, தென்னாபிரிக்காவில் 40. நோய் ஒன்றே. அதனைக் கண்டுபிடிக்கும் காலமும், சிகிச்சையைப் பெற்று முடிக்கும் வாய்ப்புமே வேறுபடுகின்றன.

கண்டறியும் வழிகள்

தானே தன் மார்பகத்தைச் சோதிக்கும் முறை நெடுங்காலம் கற்பிக்கப்பட்டு வந்தது. சீனத்தின் ஷங்காய் நகர ஆலைகளிற் பணிபுரிந்த 266,000 பெண்களுக்கு மேற்பட்டோரைக்கொண்டு நிகழ்த்திய ஆய்வின் முடிவு 2002இல் வெளிவந்தது. இம்முறையைக் கற்பித்ததனால் மாத்திரம் இறப்புக் குறையவில்லை என்பதே அம்முடிவு. இதனால் தன்னுடம்பை அறிவது வீண் என்பது கருத்தன்று. தனக்கு இயல்பானது எது என அறிந்து, மாற்றம் கண்டவுடன் வைத்தியரிடம் செல்லுதலே பயனளிப்பது. பார்த்துவிட்டு வீட்டில் இருத்தல் பயனளிக்காது.

மும்பை நகரின் வறியோர் குடியிருப்புகளில் 1998இல் ரற்றா நினைவு வைத்தியசாலையார் தொடங்கிய ஆய்வு நம் நாட்டுக்கு மிகப் பொருந்துவது. வைத்தியரல்லாத, ஆயினும் நன்கு பயிற்றப்பட்ட பெண் சுகாதாரப் பணியாளர் இரண்டாண்டுக்கொருமுறை பெண்களின் மார்பகத்தைக் கையாற் பரிசோதித்தனர். ஒன்றரை இலட்சம் பெண்கள் இவ்வாய்விற் சேர்ந்தனர். 2021இல் வெளியான முடிவின்படி, ஐம்பதும் அதற்கு மேலும் வயதுடையோரிடத்து இந்நோயால் நேரும் மரணம் நூற்றுக்கு ஏறத்தாழ முப்பது குறைந்தது. விலையுயர்ந்த பொறியின்றி, பயின்ற கையும் இன்சொல்லுமே இதனைச் செய்தன.

நம் நாட்டிலும் இதற்கு ஏற்ற அமைப்பு உண்டு. 1996 முதல் சுகாதார வைத்திய அதிகாரி பணிமனைகள் தோறும் சுகவனிதையர் கிளினிக்குகள் நடைபெறுகின்றன. முப்பத்தைந்து வயதையும் நாற்பத்தைந்து வயதையும் அடையும் பெண்கள் இவற்றுக்குச் சிறப்பாக அழைக்கப்படுகின்றனர். இரத்த அழுத்தம், நீரிழிவு, கருப்பைக் கழுத்து ஆகியவற்றோடு மார்பகமும் அங்குப் பரிசோதிக்கப்படுகின்றது. பிள்ளைப்பேற்றுக் காலத்தில் வீடு தேடிவந்த குடும்பநல உத்தியோகத்தரை நம் பெண்கள் அறிவர். அவரிடம் கேட்டால் நாளும் இடமும் கூறுவார்.

ஐயத்துக்கிடமான கட்டி காணப்படின் மூவகைச் சோதனை நிகழும்: வைத்தியர் கையாற் பார்த்தல், ஸ்கான் அல்லது மமோகிராம் என்னும் மென்மையான எக்ஸ்-கதிர்ப் படம், ஊசியால் சிறிது இழையம் எடுத்து நுணுக்குக்காட்டியில் நோக்குதல். இம்மூன்றும் ஒத்த முடிவு கூறினால் ஐயம் நீங்கும். பெரும்பாலார் மனநிறைவோடு வீடு திரும்புவர்.

நாம் செய்யத்தக்கன

உலக சுகாதார நிறுவனம் 2021இல் மூன்று இலக்குகளை வகுத்தது. நோயாளருள் நூற்றுக்கு அறுபதின்மரேனும் தொடக்க நிலையிற் கண்டறியப்படல் வேண்டும். வைத்தியரிடம் வந்த அறுபது நாளுக்குள் நோய் இன்னதென முடிவாதல் வேண்டும். நூற்றுக்கு எண்பதின்மரேனும் சிகிச்சையை முற்றாகப் பெறுதல் வேண்டும். இரண்டாவதும் மூன்றாவதும் அரசாங்கத்தையும் வைத்தியசாலையையும் பெரிதும் சார்ந்தன. முதலாவதோ வீட்டையே பெரிதும் சார்ந்தது.

வெளிப்படையாகப் பேசுதலின் வலிமைக்கு ஒரு சான்று கூறுவாம். 1974இல் ஐக்கிய அமெரிக்க சனாதிபதியின் மனைவி பெற்றி ஃபோட் அம்மையார் தமக்கு இந்நோய்க்காகச் சத்திரசிகிச்சை நடந்ததை நாடறியக் கூறினார். அந்நாட்டிலும் அக்காலத்தில் இச்சொல் வாய்விட்டு உரைக்கப்படாததொன்றே. அவர் பேசியபின் எண்ணிறந்த பெண்கள் பரிசோதனைக்குச் சென்றனர். தமிழ்நாட்டிலோ, தம் தங்கையைப் புற்றுநோய்க்குப் பறிகொடுத்த முத்துலட்சுமி ரெட்டி அம்மையார் அத்துயரை வீட்டினுள் அடக்கிவைத்தாரல்லர். பலரிடமும் பொருள் இரந்து 1954இல் சென்னை அடையாற்றிற் புற்றுநோய் நிலையத்தைத் தொடக்கினார். அங்கு 1955இற் பணியேற்ற வைத்தியர் சாந்தா அம்மையார் 2021இல் மறையும் வரை அந்நிலையத்துக்கே தம் வாழ்வை அளித்தார். ஒரு வீட்டின் துயர் பல்லாயிரம் வீடுகளுக்குப் புகலாயிற்று.

நம் பாடசாலைகளுக்கும் இதிற் பங்குண்டு. உயிரியற் பாடத்தில் கலப்பிரிவு கற்பிக்கும் ஆசிரியர் அவ்விடத்திலேயே இந்நோயைப் பற்றிப் பத்து நிமிடம் பேசலாம். பெற்றோர் கூட்டங்களில் குடும்பநல உத்தியோகத்தரை அழைத்துப் பேசச் செய்யலாம். அயலில் உள்ள மாதர் சங்கங்கள், முப்பத்தைந்து கடந்த உறுப்பினரைக் கூட்டாகக் கிளினிக்குக்கு அழைத்துச் செல்லலாம். பலர் சேர்ந்து செல்லுமிடத்து நாணமும் ஊர்ப்பேச்சும் தாமாகக் குறையும்.

திருக்குறளில் மருந்து என்னும் அதிகாரத்தின் இறுதியில் மருத்துவம் நான்கு கூறாக வகுக்கப்பட்டிருத்தலை யாவரும் கற்றுள்ளோம். நோயுற்றவர், மருத்துவர், மருந்து ஆகிய மூன்றோடு உடனிருந்து உதவுபவரையும் வள்ளுவர் ஒரு கூறாக எண்ணினார். தெல்லிப்பழையில் மருத்துவரும் மருந்தும் உளர். நோயுற்றவள் நம் வீட்டில் இருக்கக்கூடும். நான்காம் கூறு நாமேயாவோம். ஆதலின் இதனைப் படித்து முடித்தவர் தம் தாயையோ தமக்கையையோ மனைவியையோ நோக்கி, கடைசியாக எப்பொழுது வைத்தியரிடம் காட்டினீர்கள் எனக் கேட்பாராக. அதற்கு விடை மௌனமாயின், அடுத்த கிளினிக் நாளன்று வீட்டு வேலையைத் தாம் ஏற்றுக்கொண்டு அவரை அனுப்பிவைப்பாராக. வேண்டின் உடன் செல்வாராக.